கோதுமை மாவில் பதிந்த வாய்

2022 ஜனவரி 18, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று முறை கரண்ட் போய் வந்தது. ரப்பர் வேகவைக்கிற பிரஸ் சூடேறுவதற்குள் மறுபடி போய்விடுகிறது. குக்கர் ரிங் முந்நூறு, பாதி வெந்தும் பாதி வேகாமலும் கிடக்கிறது. கலியமூர்த்தி பொங்கல் லீவு முடிந்து இன்றுதான் வந்தான். வந்ததும் வராததுமாக, "ஏங்க்கா, தட்டாஞ்சாவடி முழுக்க போவுதா, நம்ம ஷெட்டுல மட்டும் போவுதா?" என்றான். வெளியே போய்ப் பார்த்துட்டு வா என்றேன். போனவன் டீ குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவர் வாசலிலேயே போனும் கையுமாக நிற்கிறார். பீச்சோரம் பெத்தாங்க் குண்டு உருட்டப் போகிற நேரத்தில் வீட்டில் இருக்கிறார் என்றால் ஏதோ விஷயம். "ஜூலி" என்று வாயை மட்டும் அசைத்தார். போனை என் கையில் வைத்தார்.

நான்கு மாதம் ஆகிறது மகள் குரலை நேராகக் கேட்டு. கால்நடை டாக்டருக்குப் படித்து முடித்தவளுக்கு இவருடைய அக்கா பாரிசில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் இடம் பிடித்துக் கொடுத்தாள், பாஸ்போர்ட் இருக்கிறது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது மகாராணி "நான் போகல, மலை முகாம்ல சேரப்போறேன், தாயில்லாத யானைக்குட்டிங்கள வளர்த்துத் திரும்பக் காட்டுல விடுற வேலை" என்றாள். நான், "அப்ப அந்த யானைகிட்டயே போயி அம்மான்னு கூப்பிடு" என்றேன். சொன்னது நான்தான், மறுக்கவில்லை. அதிலிருந்து அப்பாவிடம் மட்டும்தான் பேச்சு. நான் அடுப்படியில் நின்று இவர் சொல்லும் பதிலை வைத்து அவள் என்ன கேட்டிருப்பாள் என்று கணக்குப் போடுவேன்.

"அம்மா, வேலை விஷயமா ஒண்ணு கேக்கணும். யானைக்குட்டிக்கு நிப்பிள் செய்ய முடியுமா உங்களால?"

எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை. முடியும் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

ஜனவரி 19

ரெண்டு மாதக் குட்டி, பெண். தாய் செத்துப்போய்ப் பக்கத்துச் சேற்றுப் பள்ளத்தில் நின்றுகொண்டிருந்ததாம். மூன்று முறை கூட்டத்தோடு சேர்க்கப் பார்த்திருக்கிறார்கள். கூட்டம் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மாட்டுக்கன்றுக்கு விற்கிற நிப்பிள் இதற்குக் குட்டையாக இருக்கிறது. ரப்பர் கையுறையின் விரலை வெட்டிக் கொடுக்கிறார்கள், கடித்துத் துப்பிவிடுகிறது. பாதிப் பால் தரையில். நாளுக்கு நாள் எடை குறைகிறது. ஜூலி இதெல்லாம் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி சொன்னாள். கடைசியில் மட்டும், "சீக்கிரம் வேணும்மா" என்றாள்.

அளவு கேட்டேன். கட்டைவிரல் மூணு சேர்ந்த பருமன் என்கிறாள். யார் கட்டைவிரல்? அச்சு டை வெட்டுகிறவனிடம் போய் நான் கட்டைவிரலையா காட்டுவது?

சப்பாத்தி மாவை நிப்பிள் போல உருட்டிக் குட்டியின் வாயில் வை, சப்பினதும் அப்படியே காயவைத்து அனுப்பு என்றேன். அங்கே யாரிடமோ கோதுமை மாவு இருக்கா என்று கேட்டாள். பிறகு, "நல்ல ஐடியாம்மா" என்றாள்.

ஜனவரி 22, சனி

கோயம்புத்தூர் பஸ்ஸில் பார்சல் வந்தது. டிபன் பாக்ஸில், பஞ்சு சுற்றி. திறந்ததும் எறும்பு. கலியமூர்த்தி ஊதி ஊதி ஒவ்வொன்றாகத் தட்டினான்.

உள்ளே உலர்ந்த மாவு. கையால் பிடித்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று. ஆனால் அடியில் நாக்கு வளைந்து பிடித்த பள்ளம். மேலே அண்ணத்தின் வரிகள். எதையோ பிடித்துக்கொள்ளப் பார்த்த வாய்.

வெர்னியர் எடுத்து அளக்க உட்கார்ந்தவள் அளக்காமல் கொஞ்ச நேரம் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். ஜூலி பிறந்தபோது பத்து நாள் என்னிடம் குடிக்கவில்லை. அது எனக்கு மறந்தே போயிருந்தது.

ஜனவரி 25

டை வந்துவிட்டது. முதல் ஆறு நிப்பிள் போட்டோம். குழந்தைச் சாமானுக்குப் போடுகிற வெள்ளை சிலிகான்தான். வாடை போக ஓவனில் நாலு மணி நேரம் வைத்தேன். எனக்கு மூக்கு செத்துப் பல வருஷம் ஆகிறது, ஷெட்டில் இருப்பவர்கள் யார் மூக்கையும் நம்ப முடியாது. வீட்டுக்கு எடுத்து வந்து வாயில் வைத்துப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து இவர் உள்ளே வந்தார்.

"கண்ணி, பசிக்குதுன்னா சோறு இருக்கு" என்றார்.

நுனியில் பிளேடால் சின்னதாகக் கூட்டல் குறி போலக் கீறல் போட்டேன். சப்பினால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். ராத்திரி பஸ்ஸுக்குக் கொடுத்தாயிற்று.

ஜனவரி 28, வெள்ளி

குடித்தது!

ஏழு நொடி வீடியோ. முகாம் ஷெட்டின் நடுவே கயிற்றில் சாம்பல் கம்பளி ஒன்று தொங்குகிறது. குட்டி தும்பிக்கையைத் தூக்கி அந்தக் கம்பளிமேல் சாய்த்துக்கொண்டு குடிக்கிறது. தாயின் வயிறு என்று நினைத்துக்கொள்ளுமாம். எதிலாவது சாயாவிட்டால் குடிக்காதாம். கம்பளிக்குப் பின்னால் இருந்து ஒரு கை பாட்டிலை நீட்டுகிறது. அந்தக் கை ஜூலியுடையது, நகம் கடிக்கிற பழக்கம் இன்னும் விடவில்லை.

கலியமூர்த்தி பதினோரு முறை பார்த்தான். பிரஸ்ஸில் இருந்த ரிங் கருகிப்போனது. நான் திட்டவில்லை.

பிப்ரவரி 1

ஜூலி தினமும் கூப்பிடுகிறாள். நிப்பிளைப் பற்றித்தான். இருந்தாலும் தினமும்.

ஒரு பாட்டில் முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறதாம். பாதியில் களைத்துத் தூங்கிவிடுகிறது. ரெண்டு மணிக்கு ஒரு தரம் கொடுக்க வேண்டும், அதில் ஒரு மணி நேரம் இதற்கே போனால்? தவிர, கீறலின் மூலையில் கிழிய ஆரம்பித்துவிட்டது. "கொஞ்சம் சீக்கிரமா வர்ற மாதிரி, கிழியாத மாதிரி செய்ய முடியுமாம்மா?"

இருபத்திரண்டு வருஷமாக ரப்பரோடு கிடக்கிறேன். கீறல் இருந்தால் மூலையில் கிழியும், வட்டம் கிழியாது. இது ஷெட்டைப் பெருக்குகிறவர்களுக்கும் தெரியும். நாலு மில்லி பஞ்ச் எடுத்து வட்டமாக அடி என்றேன். கலியமூர்த்தி, "கீறலையே கொஞ்சம் பெரிசா விட்டா ஆவாதாக்கா?" என்றான். எனக்கே பாடம் எடுக்கிறான் பார். அடி என்றேன்.

பன்னிரண்டு நிப்பிள். சுத்தமான வட்டம். பிசிறு இல்லை. பார்க்கவே அழகாக இருந்தது.

பிப்ரவரி 5

பத்தே நிமிஷத்தில் ஒரு பாட்டில்! ஜூலி சிரித்தாள். "இராமதாஸ் அண்ணன் உங்களுக்குக் கோயில் கட்டணும்ங்கறார்" என்றாள். இராமதாஸ் அங்கே குட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர், யானைகளோடே பிறந்து வளர்ந்தவராம். அப்படிப்பட்டவர் சொல்லியிருக்கிறார். இவரிடம் மூன்று முறை சொன்னேன். "மூணு தடவையும் கேட்டேன்" என்றார்.

பிப்ரவரி 9, புதன்

குட்டிக்கு இருமல். குடிக்கும்போது தும்பிக்கை வழியாகப் பால் வருகிறது. காய்ச்சல். நெஞ்சில் கொறகொற சத்தம் கேட்கிறது என்றாள். நுரையீரலுக்குள் பால் போயிருக்கும் என்று பெரிய டாக்டர் சொல்லி ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள்.

"நான்தாம்மா. தலைய ரொம்பத் தூக்கிப் பிடிச்சிட்டேன் போல. அவசரப்பட்டுட்டேன்." அழுதாள். செப்டம்பரில் நான் அந்த வார்த்தையைச் சொன்னபோதுகூட அழாத பெண்.

இல்லடி, நீ நல்லாதான் பிடிச்சிருப்ப என்றேன். வேறு என்ன சொல்ல?

பிப்ரவரி 10, வியாழன்

மத்தியானம் கலியமூர்த்தி சாப்பிடப் போன பிறகு ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வட்ட ஓட்டை நிப்பிளை மாட்டிக் கவிழ்த்தேன். யாரும் சப்பவில்லை. தானாக ஒழுகியது. குழாயை மூடாமல் விட்ட மாதிரி. கீறல் போட்ட பழையதை மாட்டிக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை.

ஐயோ.

சப்பாமலே தொண்டைக்குள் பால் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கு. மூச்சு விடவும் நேரமில்லாம. அது முழுங்கினதா, மூச்சில இழுத்ததா, யாருக்குத் தெரியும். ஒரு குழந்தைக்குப் பால் எப்படிப் போவணும்னு எனக்குத் தெரியாதா? நான் பெத்தவதானே? வாஷர் அடிக்கிற புத்தியில வாஷர் அடிச்சி அனுப்பியிருக்கேன்.

கலியமூர்த்தி கேட்டான். கேட்டானே!

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறாள். இதைச் சொன்னால் மறுபடி இவர் பக்கத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்க வேண்டியதுதான். நாளைக்குச் சொல்கிறேன்.

பிப்ரவரி 11

சொல்லவில்லை.

பிப்ரவரி 12

கூப்பிட்டாள். காய்ச்சல் நூற்று மூன்று. இன்றும் தன்னையே திட்டிக்கொண்டாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இப்படி ஒரு வாய் இருப்பதே வீண்.

பிப்ரவரி 13, ஞாயிறு

காலைப் பூசையில் நன்மை வாங்க, சாமியார் கொடுக்கிற நற்கருணை அப்பத்துக்கு, எல்லோரும் எழுந்து வரிசையில் போனார்கள். மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது, நான் எழவில்லை. இவர் போகப் போனவர் திரும்பிப் பார்த்தார், பிறகு அவரும் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நான் நன்மை வாங்காத ஞாயிறு எது என்று அவருக்குத் தெரியும். ஜூலி பிறந்த வாரம் ஒன்றுதான்.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். எல்லாவற்றையும். அவர் பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், திரும்பத் திறந்தார்.

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு அப்புறம் அவகிட்ட சொல்றேங்க" என்றேன்.

"சாமியாருக்கு யானை வளர்க்கத் தெரியாது கண்ணி. முதல்ல பொண்ணுகிட்ட சொல்லு."

கோயில் வாசலிலேயே போன் போட்டேன். வட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கவிழ்த்துப் பார்த்ததைச் சொன்னேன். தப்பு உன் கையில் இல்லை, என் கையில் என்றேன். பின்னால் யாரோ வாளி கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எப்பம்மா கவிழ்த்துப் பார்த்தீங்க?"

"வியாழக்கிழமை."

"மூணு நாள்." குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "மூணு நாளா அதே நிப்பிள்லதாம்மா குடுத்துட்டு இருக்கோம். இப்பகூட இராமதாஸ் அண்ணன் குடுத்துட்டு இருக்கார்."

"அண்ணே, நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று அவள் கத்தியது கேட்டது. போன் கட் ஆகிவிட்டது.

இது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. என் மானத்தைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன், மூன்று நாளும். அது ஒவ்வொரு ரெண்டு மணிக்கும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பிப்ரவரி 14, திங்கள்

விடியும்போதே ஷெட்டைத் திறந்தேன். கலியமூர்த்தியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். நான் சொன்னேனே அக்கா என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கீறல்தான் வேண்டும். ஆனால் கிழியக் கூடாது. ரெண்டு பேரும் ஒரு நிப்பிளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவன்தான், "கீறல் முடியற எடத்துல ஊசி மொனை அளவு ஒரு புள்ளி அடிச்சா கிழிசல் அதோட நின்னுடும் இல்லக்கா?" என்றான். நாலு முனைக்கும் நாலு புள்ளி. அடித்து, இழுத்து, முறுக்கிப் பார்த்தோம். கிழியவில்லை. கவிழ்த்தால் ஒழுகவில்லை. என் வாயில் வைத்து இழுத்தேன், வந்தது. நிறுத்தினேன், நின்றது. போட்ட பத்து நிப்பிளையும் ஒவ்வொன்றாக அப்படிச் சோதித்தேன். வயிறு முழுக்கத் தண்ணீர்.

பார்சலில் போட மனசு வரவில்லை. நானே கொண்டுபோகிறேன்.

பிப்ரவரி 18, வெள்ளி

முகாமுக்குப் போய்விட்டு நேற்று வீடு வந்து சேர்ந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

முகாம் வாசலில் கம்பி கேட். வெளி ஆளுக்கு அனுமதி இல்லை, புது வாசனை, புதுக் கிருமி எதுவும் குட்டிப் பக்கம் போகக் கூடாது. டாக்டரோட அம்மா என்றேன். "அது தெரியும்மா, இருந்தாலும்" என்றார் காவல்காரர். நியாயம்தான். நான் ஏற்கெனவே அனுப்பி வைத்தது போதாதா?

ஜூலி வந்தாள். மெலிந்து, கண் உள்ளே போய், பால் வாடையும் சாணி வாடையுமாக. கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள். பெட்டியைக் கம்பி வழியாகக் கொடுத்தேன். ஒன்றை எடுத்துப் பாட்டிலில் மாட்டி என் கண் முன்னாலேயே கவிழ்த்துப் பார்த்தாள். நிமிஷக் கணக்கில் அப்படியே பிடித்திருந்தாள். எனக்கு அது வலித்தது, ஆனால் அவள் செய்தது சரி. நான் அன்றைக்கு அப்படிப் பார்த்திருக்க வேண்டும்.

"பிழைச்சிடுமா?" என்றேன்.

"தெரியலம்மா."

"உனக்குக் கோவம்னா திட்டிடு. உள்ள வச்சிக்காத."

"கோவம்தான்." கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நீங்க சொல்லாம இருந்திருந்தா அது செத்துப்போனா என் கையாலதான்னு நான் காலத்துக்கும் நினைச்சிட்டு இருப்பேன். சொன்னீங்க இல்ல."

பிறகு வெளியே வந்து, வேலியோரம் ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய், "இங்கேர்ந்து பாருங்க, பேசாதீங்க" என்றாள். ஷெட்டின் பலகை இடுக்கில் சாம்பல் கம்பளி தெரிந்தது. அதன்மேல் ஒரு தும்பிக்கை நுனி. மெல்ல ஏறி இறங்கியது. மூச்சு விடுவதே அதற்கு வேலையாக இருந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

பஸ் ஏறும்போது, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். பொய்தான் சொன்னேன், சாப்பிட்டேன் என்று.

பிப்ரவரி 21

இன்னும் காய்ச்சல். அவள் கூப்பிடுவதில்லை, மெசேஜ் மட்டும். "குடிக்குது." "அரை பாட்டில்." "நின்னுட்டே தூங்குது."

பிப்ரவரி 26, சனி

காய்ச்சல் விட்டது. "அம்மா, முழு பாட்டில். இருமல் இல்ல." இவர் நான் எதுவும் சொல்லாமலே முகத்தைப் பார்த்துவிட்டு கடையில் போய் கேக் வாங்கி வந்தார். நாளைக்கு நன்மை வாங்கப் போவேன்.

மே 12

பார்சல். அதே டிபன் பாக்ஸ். உள்ளே குதறிப்போட்ட நிப்பிள் நான்கு. கடைவாய்ப் பல் தடம், ஆழமாக. கூடவே சீட்டு: "இன்னும் கெட்டியா வேணும், இன்னும் நீளமா. இப்ப பெரிய பொண்ணு." கீறல் நான்கிலும் கிழியாமல் இருக்கிறது. கலியமூர்த்தி ஒன்றைத் தன் பிரஸ்ஸுக்கு மேல் ஆணியடித்து மாட்டியிருக்கிறான்.

பேர் என்ன வச்சிருக்கீங்க என்று ஜூலியிடம் கேட்டேன். பேர் வைப்பதில்லையாம். பேர் வைத்தால் கூப்பிட்டதும் வரும், மனுஷன் கூப்பிட்டு வருகிற யானை காட்டில் நிற்காது என்றாள். அதனால் நானும் குட்டி என்றே எழுதுகிறேன்.

டிசம்பர் 24, சனி

ஜூலி கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கிறாள். பதினைந்து நாள் லீவு. லீவு இல்லை, கட்டாய விடுப்பு. குட்டி அவளிடம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டதாம், மற்றவர்கள் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம். அதை உடைக்க இவளைத் தூர அனுப்பியிருக்கிறார்கள்.

வந்து நாலு நாளாக இராமதாஸின் போனுக்காகக் காத்திருந்தாள். முதல் ரெண்டு நாள் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் கொஞ்சம். இன்று காலை நான் கேக்குக்கு முந்திரி நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவர் கையாலேயே முழு பாட்டிலும் குடித்துவிட்டு மற்ற குட்டிகளோடு சேற்றில் புரளப் போய்விட்டதாம், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"சூப்பர்ண்ணே" என்று சொல்லிப் போனை வைத்தாள். அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"நல்லதுதாம்மா. இதுதான் வேணும். யார் கையிலேர்ந்தும் குடிக்கணும், அப்புறம் யார் கையிலேர்ந்தும் குடிக்காம இருக்கணும்."

"தெரியும்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். போன வருஷம் செப்டம்பரில், யானையை அம்மான்னு கூப்பிடு என்று நான் சொன்ன அந்த வார்த்தைக்கு இன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன், ஒரு வருஷம் மூன்று மாதம் கழித்து. "அத வுடுங்க" என்றாள். முந்திரியை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். கேக்குக்குப் பாதிதான் மிஞ்சியது.

2023 ஆகஸ்ட் 20

ஏழாம் நம்பர் நிப்பிள். இது கிட்டத்தட்ட என் முழங்கை நீளம். வேறு ஒன்றும் எழுத இல்லை, ஷெட்டில் வேலை தலைக்கு மேல்.

2024 ஏப்ரல் 9, செவ்வாய்

"அம்மா, இனிமே நிப்பிள் வேணாம்." புல், இலை, மூங்கில் என்று முழுதாக மாறிவிட்டது. பாட்டிலைக் காட்டினால் உதைத்து விளையாடுகிறதாம். நல்ல சேதிதான். இதற்காகத்தானே இவ்வளவும்.

டையைக் கழுவி, எண்ணெய் தடவி, பேப்பர் சுற்றி மேல் அலமாரியில் வைத்தேன். கலியமூர்த்தி, "பழைய இரும்புல போட்டுடலாமாக்கா?" என்றான். பார்த்தேன் ஒரு பார்வை. "சும்மா கேட்டேங்க்கா" என்றான்.

தினமும் வருகிற போன் இனி எதற்கு வரும்? இப்படி நினைக்கக் கூடாது. நினைக்கிறேன்.

ஏப்ரல் 11

வந்தது. கத்தரிக்காய் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டாள். நான் எப்போதும் போடுகிற அளவைச் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் பேசினேன்.

2025 அக்டோபர் 7, செவ்வாய்

இன்று விட்டுவிட்டார்கள். ஐந்து குட்டிகள் சேர்ந்து. குட்டி என்ன குட்டி, நாலு வயசு ஆகப்போகிறது. ஒரு வருஷமாகக் காட்டோரத்தில் பெரிய வேலிக்குள் இருந்தன. இன்று வேலியைத் திறந்து வைத்துவிட்டு ஆட்கள் எல்லோரும் தூரப் போய்விட்டார்கள். ஜூலி வாட்ச் டவரில், குரல் கொடுக்கக் கூடாது.

நம் குட்டி வேலி வாசலில் முக்கால் மணி நேரம் நின்றதாம். மற்ற நாலும் போன பிறகும் நின்றதாம். தும்பிக்கையைத் தூக்கி ஷெட் பக்கம் முகர்ந்ததாம். சாம்பல் கம்பளியை நேற்றே எரித்துவிட்டார்கள், வாசனை பிடித்துத் திரும்பி வரக் கூடாது என்று. பிறகு போய்விட்டது.

"கூப்பிட்டிருந்தா வந்திருக்கும்மா. அவ்வளவு கிட்ட இருந்துச்சி."

"கூப்பிடல இல்ல?"

"கூப்பிடல."

நவம்பர் 16

குட்டிக்குப் போட்டு அனுப்பிய ரேடியோ கழுத்துப் பட்டையில் இருந்து சிக்னல் வருகிறது. ரெண்டு மலை தாண்டி இருக்கிறது. கூட்டம் சேர்த்துக்கொண்டதா தெரியவில்லை. முன்னே மூன்று முறையும் கூட்டம் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பூசையில் கேட்டுக்கொண்டேன். யானைக்கு எந்தப் புனிதர் என்று தெரியவில்லை, எல்லோரிடமும் கேட்டேன்.

2026 ஜனவரி 21, புதன்

மத்தியானம் போன். பிரஸ் சத்தத்தில் கேட்கவில்லை, வெளியே ரோட்டுக்கு வந்து எடுத்தேன்.

மூன்று நாள் காட்டில் நடந்து இன்று பார்த்துவிட்டார்களாம், ஜூலியும் இராமதாஸும். ஒரு ஓடைக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு யானைகள். நடுவில் பட்டையோடு நம்முடையது, ஒரு கிழட்டு யானையின் வயிற்றோரம் தும்பிக்கையைச் சாய்த்துக்கொண்டு.

காற்று திரும்பியது. இவர்கள் வாடை அந்தப் பக்கம் போனது. குட்டி தலையைத் தூக்கி முகர்ந்தது. இராமதாஸ், அது வந்துவிடுமோ என்று ஜூலியின் கையைப் பிடித்துக்கொண்டாராம். ரெண்டு வருஷத்துக்கு மேல் கையால் பால் கொடுத்த மனுஷர்.

பிளிறியது. அந்தக் கிழடும் பிளிறியது. எல்லாம் சுற்றி வளைத்துக் குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு புதருக்குள் ஓடிப்போய்விட்டன.

"எங்களப் பாத்துப் பயந்து ஓடுதும்மா" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "எங்களப் பாத்து!"

"உன் பப்பா பீச்சுக்குப் போவல, வீட்டுலதான் இருப்பார், அவருக்கு அடிச்சி சொல்லு" என்றேன்.

"அப்புறம் சொல்றேன். முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு சிக்னல் கிடைக்கற எடம் வரைக்கும் ஓடி வந்தேன்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாப்பிட்டியா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள், நீங்க என்றாள். நானும் இன்னும் இல்லை, உண்மையைச் சொன்னேன். சரி, ரெண்டு பேரும் போய் சாப்பிடுவோம் என்று வைத்தோம்.

உள்ளே வந்தபோது கலியமூர்த்தி பிரஸ்ஸை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான். சொன்னேன். ஆணியில் மாட்டியிருந்த அந்தக் குதறின நிப்பிளை எடுத்து, தூசியை ஊதி, திரும்ப மாட்டினான்.